பதவி ஏற்காத அமைச்சர்: பெல் மாஸ்கோவிட்ஸ் அம்மையார்

அரசுகளின் வரலாறு பெரும்பாலும் அரியணை ஏறியோரின் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. ஆணையில் ஒப்பமிட்டவர் எவரோ, அவருக்கே அச்செயலின் புகழ் முழுவதும் சென்று சேர்கிறது. அதற்குரிய கருத்தை முதன்முதலில் எண்ணியவர், தக்க சொல்லைத் தேடித் தந்தவர், எதிர்த்து நின்றோரை இசையச் செய்தவர் ஆகியோர் ஏட்டின் ஓரக்குறிப்பாக நின்றுவிடுகின்றனர். அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் 1918 முதல் 1928 வரை நடைபெற்ற அரசியலில் அத்தகைய இடத்தைப் பெற்றவர் பெல் மாஸ்கோவிட்ஸ் அம்மையார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தேர்தலில் நின்றவரல்லர், சட்டமன்றத்தில் அமர்ந்தவருமல்லர். ஆயினும், அம்மாநிலத்தின் ஆளுநர் ஆல்பிரட் ஸ்மித் எடுத்த பெரும் முடிவுகளில் அவருடைய அறிவு கலந்திருந்தது. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் நாட்டு முதலமைச்சருக்கு நிகரான பொறுப்புடையவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மேடையை விரும்பிய இளமை

1877ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பெல் லிண்ட்னர் பிறந்தார். தந்தை ஐசிடோர் லிண்ட்னர் கடிகாரத் தொழில் செய்தவர். பெற்றோர் இருவரும் கிழக்குப் பிரஷியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். பெருஞ்செல்வம் இல்லாவிடினும் மகளுக்கு நல்ல கல்வி அளிக்க அவர்கள் தவறவில்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியிலும் அவர் சிறிது காலம் பயின்றார்.

இளம் பெல்லின் உள்ளத்தைக் கவர்ந்தது நாடக வாசிப்புக் கலை. ஒருவரே மேடையில் நின்று, நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களையும் தம் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே உயிர்பெறச் செய்யும் கலை அது. அதனை முறையாகக் கற்றார், அவையோர் முன் நிகழ்த்தினார், சிறுவர்க்கும் கற்பித்தார். பிறருடைய சொல்லைத் தம் குரலில் உயிர்ப்பித்த இப்பயிற்சி, பிற்காலத்தில் தம் கருத்தைப் பிறர் குரலில் ஒலிக்கச் செய்யும் ஆற்றலுக்கு வித்தாயிற்று எனலாம்.

1900ஆம் ஆண்டில் அவர் மேடைக் கனவை ஒதுக்கிவைத்து, எஜுகேஷனல் அலையன்ஸ் என்னும் சமூகத் தொண்டு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அந்நிறுவனம் நகரின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் இருந்தது. ருசியா, போலந்து, ருமேனியா ஆகிய நாடுகளில் வறுமையும் கொடுமையும் தாங்காமல் வெளியேறிய யூத மக்கள் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த பகுதி அது. அவர்களுடைய பிள்ளைகளுக்கான கலை நிகழ்ச்சிகளையும் கண்காட்சிகளையும் அமைப்பது பெல்லின் பணி. அங்கே தொண்டாற்ற வந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் இஸ்ரேல்ஸ் அவர்களை 1903இல் மணந்தார். அக்கால வழக்கப்படி, மணமான பெண் ஊதியப் பணியை விட்டாக வேண்டும். பெல்லும் விட்டார். ஆனால் பொதுத் தொண்டை விடவில்லை.

நடனக் கூடங்களில் கற்ற அரசியல்

யூதப் பெண்கள் மன்றத்தின் நியூயார்க் கிளையில் பணியாற்றியபோது, ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்த இளம்பெண்களின் நிலையை அவர் ஆராய்ந்தார். நாள் முழுதும் தையற்பொறியின் முன் குனிந்திருந்த அப்பெண்களுக்கு மாலையில் இளைப்பாறும் இடம் எதுவும் இல்லை. இருந்தவை நடனக் கூடங்களே. அவற்றுட் பல மதுவிற்பனைக்காகவே நடத்தப்பட்டவை. காற்றோட்டமும் தீப்பாதுகாப்பும் அற்ற கூடங்கள் அவை. மதுவருந்தாதவர்க்கு அங்கே மதிப்பில்லை. அருந்திய பெண்ணுக்கோ பாதுகாப்பில்லை.

சீர்திருத்தம் பேசிய பலர் நடனத்தையே தடைசெய்ய வேண்டும் என்றனர். பெல் அவ்வாறு எண்ணவில்லை. உழைக்கும் பெண்ணுக்கு மகிழ்ச்சியும் ஓர் உரிமை என்பது அவர் கொள்கை. கெடுதல் நடனத்தில் இல்லை, அதனை வைத்து வாணிகம் செய்யும் முறையில் இருக்கிறது என்று கண்டார். 1908இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, கூடங்களை நேரிற் கண்டு செய்திகள் திரட்டினார். உரிமையாளர்களோடும் அவர்களுக்குத் துணைநின்ற அரசியலாரோடும் பேசினார். 1910இல் நடனக் கூடங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்றும், தீப்பாதுகாப்பு வேண்டும் என்றும், மதுவிற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. வாக்குரிமை கூட இல்லாத ஒரு பெண் சட்டம் ஒன்றினைப் பிறப்பித்த நிகழ்ச்சி இது. எதிரியைப் பழிப்பதைவிட அவனோடு அமர்ந்து பேசுவது பயன் தரும் என்னும் பாடத்தை அவர் இங்கேதான் கற்றார்.

1911: துயரின் ஆண்டு

1911 மார்ச் 25ஆம் நாள், நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். பெல் எவருக்காக உழைத்தாரோ அவர்களே. அத்தீயின் விளைவாக மாநில அரசு தொழிற்சாலை ஆய்வுக் குழுவை அமைத்தது. இராபர்ட் வாக்னர் அதன் தலைவர். ஆல்பிரட் ஸ்மித் துணைத்தலைவர். மீன் அங்காடியில் வேலை செய்து வளர்ந்து, டாம்மனி ஹால் என்னும் கட்சி அமைப்பின் வழியாகச் சட்டமன்றம் புகுந்த ஐரிஷ் கத்தோலிக்கர் ஸ்மித். அவ்வாய்வு அவரையே மாற்றியது. கட்சிக்காரராகப் புகுந்தவர் தொழிலாளர் சட்டங்களின் காவலராக வெளிவந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் பெல் அம்மையாரின் கணவர் சார்லஸ் இஸ்ரேல்ஸ் அகால மரணம் எய்தினார். மூன்று சிறு குழந்தைகளோடு 34 வயதில் பெல் தனித்து நின்றார். இனித் தொண்டு என்பது ஓய்வுநேரச் செயலாக இருக்க முடியாது. குடும்பத்திற்கு ஊதியம் வேண்டும். 1913இல் மகளிர் ஆடை உற்பத்தியாளர் சங்கத்தில் தொழிலாளர் குறைகளை விசாரிக்கும் பொறுப்பில் அமர்ந்தார். அடுத்து அச்சங்கத்தின் தொழிலாளர் பிரிவுக்கே தலைவரானார். துண்டுக்கு இத்தனை காசு என்று கூலி பேசப்படும் தொழில் அது. புதிய மாதிரி ஒன்று வரும்போதெல்லாம் புதிய சச்சரவு எழும். அவற்றைத் தொழிற்சங்கத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்து தீர்த்துவைத்தார். தம்மிடம் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் பக்கம் சாய்கிறார் என்று முதலாளிகள் கருதினர். 1916இல் அவரைப் பணியினின்று நீக்கினர்.

இதனிடையே, 1914இல் ஹென்றி மாஸ்கோவிட்ஸ் அவர்களை அம்மையார் மறுமணம் செய்துகொண்டார். ருமேனியாவில் பிறந்த யூதரான ஹென்றி, லோயர் ஈஸ்ட் சைடின் சமூகத் தொண்டர். 1909இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தோன்றத் துணைநின்றோருள் ஒருவர். கருத்தொத்த இல்லறம் அமைந்தது.

ஸ்மித்தோடு இணைந்த பத்தாண்டுகள்

1917இல் நியூயார்க் மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டே ஆளுநர் தேர்தல் வந்தது. ஸ்மித் வேட்பாளர். அதுகாறும் சீர்திருத்த அணியினரோடு நின்ற அம்மையார், டாம்மனியின் மனிதர் என்று தம் நண்பர் பலர் ஒதுக்கிய ஸ்மித்தை ஆதரிக்க முன்வந்தார். தொழிற்சாலை ஆய்வுக் குழுவில் அவர் ஆற்றிய பணியே அதற்குக் காரணம். புதிய வாக்காளரான பெண்களை எவ்வாறு அணுகுவது என்று கட்சியார் தயங்கிய வேளையில், ஆண்களிடம் பேசும் அதே பொருள்களைப் பெண்களிடமும் பேச வேண்டும் என்று அவர் அறிவுரை கூறினார். ஏறத்தாழ 15,000 வாக்குகள் வேறுபாட்டில் ஸ்மித் வென்றார்.

வெற்றி பெற்றவரிடம் அம்மையார் தமக்கெனப் பதவி கேட்கவில்லை. ஒரு திட்டத்தைக் கொடுத்தார். முதல் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். வேலை, வீட்டு வசதி, மக்கள் நலம், ஆட்சியமைப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராய ஒரு மறுசீரமைப்புக் குழு வேண்டும் என்பதே அத்திட்டம். 1919இல் குழு அமைந்தது. அம்மையார் அதன் செயலாளரானார். அப்பொழுது வேலையின்றி இருந்த இராபர்ட் மோசஸ் என்னும் அறிஞரை ஆய்வுப் பணிக்கு அழைத்துக்கொண்டார். மாநிலத்தின் 187 தனித்தனி அமைப்புகளைச் சில துறைகளுள் அடக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தை ஆளுநரே வகுத்தளிக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வலுத்திருந்த காலம். 1920இல் ஸ்மித் தோற்றார். 1922இல் மீண்டும் வென்றார். 1924, 1926 தேர்தல்களிலும் வென்றார். 1925இல் ஆட்சியமைப்புச் சீரமைப்புக்கும், 1927இல் வரவுசெலவு முறைக்கும் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்தனர். எட்டாண்டு பொறுமையின் கனி அது.

தக்க கருவி, தக்க காலம், செய்யும் முறை, செய்தற்கரிய செயல் ஆகியவற்றை ஆராய்ந்து சிறப்பவரே அமைச்சர் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அம்மையாருக்கு அது முற்றும் பொருந்தும். 1923 முதல் அவர் வகித்தது மாநில ஜனநாயகக் கட்சியின் விளம்பர இயக்குநர் என்னும் கட்சிப் பொறுப்பு மட்டுமே. அரசுப் பதவிகள் அவரைத் தேடி வந்தன, ஏற்கவில்லை. ஆளுநர் கூட்டும் ஆலோசனைகளில் அறையின் ஒரு மூலையில் அமர்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். ஆண்கள் பேசுவர், வாதிடுவர். அவர் கைகள் பின்னிக்கொண்டே இருக்கும். பேச்சு முடியும் தறுவாயில் ஸ்மித் அவர் பக்கம் திரும்பிக் கருத்துக் கேட்பார். சில சொற்களில் விடை வரும். பெரும்பாலும் அதுவே முடிவாகும்.

ஸ்மித் பிறவிப் பேச்சாளர். இளமையில் கோயில் அரங்கில் நாடகம் நடித்தவர். எழுதி வைத்துப் படிக்கும் வழக்கம் அவருக்கில்லை. கடித உறைகளின் பின்புறத்தில் குறித்த சில குறிப்புகளே போதும். ஆனால் அக்குறிப்புகளுக்கு வேண்டிய செய்திகளையும் கணக்குகளையும் தேடித் திரட்டி, எளிய மக்களுக்கு விளங்கும் வரிசையில் அமைத்துத் தந்தவர் பெல். 1924இல் பூங்காக்களுக்காக ஒன்றரைக் கோடி டாலர் கடன் திரட்ட மக்கள் ஒப்புதல் கேட்டபோதும், 1926இல் வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியபோதும், வறண்ட நிதிச் செய்தியைப் பொதுமக்கள் உணரும் மொழியில் மாற்றும் பணி நடைபெற்றது. மேடைக் கலையைத் துறந்ததாக எண்ணிய பெண், மாநிலம் முழுவதையும் அவையாகக் கொண்ட மேடைக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்.

பதவி மறுப்பின் பொருள்

அம்மையார் ஏன் பதவி ஏற்கவில்லை? அதனை வெறும் அடக்கம் என்று போற்றிவிட்டு அமைவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. வாக்குரிமை பெற்ற சில ஆண்டுகளே ஆன காலம் அது. 1918 தேர்தலில் இரு பெண்கள் நியூயார்க் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். 1925இல் கலிபோர்னியாவின் புளோரன்ஸ் கான், அமெரிக்க நாடாளுமன்றம் புகுந்த முதல் யூதப் பெண்மணி ஆனார். அவர் தம் கணவர் மறைந்த இடத்திற்கு வந்தவர். பெண் பெற்ற பதவிகள் மிகச் சில. பெற்ற பதவிகளிலும் அதிகாரம் குறைவு. ஒரு துறையின் தலைமையை ஏற்றால் அத்துறையோடு அவர் குரல் நின்றுவிடும். ஆளுநரின் அருகில் அமர்ந்தால் எல்லாத் துறைகளிலும் அது கேட்கும். இதனை அவர் நன்கு கணித்தே தம் இடத்தைத் தேர்ந்துகொண்டார் என்று கருத இடமுண்டு. மேலும், கத்தோலிக்கரான ஆளுநரை யூதப் பெண் ஒருவர் ஆட்டிவைக்கிறார் என்று தூற்றப் பகைவர் காத்திருந்தனர். மூலையும் கம்பளி நூலும் அத்தூற்றலுக்கு எதிரான கேடயங்களாகவும் இருந்தன.

ஆனால் அக்கேடயத்திற்கு ஒரு விலை இருந்தது. தம் பெயரில் எதுவும் இல்லாத ஆற்றல், பிறருடைய வெற்றி நிலைக்கும் வரையில்தான் நிலைக்கும். அந்த விலையை 1928ஆம் ஆண்டு கேட்டது.

1928: தோல்வி

அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஸ்மித் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெருங்கட்சி ஒன்றின் சார்பில் அப்பதவிக்கு நின்ற முதல் கத்தோலிக்கர் அவர். கட்சியின் தேசியக் குழுவில் விளம்பரப் பணியை அம்மையார் இயக்கினார். ஆனால் நியூயார்க் வேறு, அமெரிக்கப் பெருநிலம் வேறு. கத்தோலிக்க எதிர்ப்பும், மதுவிலக்குப் பூசலும், பெருநகரத்தார் மீது சிற்றூரார் கொண்ட ஐயமும் ஒன்றுசேர்ந்தன. மொத்தம் 48 மாநிலங்களில் எட்டு மட்டுமே ஸ்மித்துக்குக் கிடைத்தன. சொந்த மாநிலமே அவரைக் கைவிட்டது. அதே தேர்தலில் நியூயார்க் ஆளுநராக வென்றவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

அம்மையாரைச் செயலாளராக அமர்த்திக்கொள்ளுமாறு ரூஸ்வெல்ட்டை ஸ்மித் வற்புறுத்தினார். ரூஸ்வெல்ட் இசையவில்லை. அவர் ஆளுநராக விரும்பினால் பெல்லை அமர்த்தக் கூடாது என்று எச்சரித்தவர், அத்தேர்தலில் அம்மையாரோடு உழைத்த எலினார் ரூஸ்வெல்ட் அவர்களே. பெல்லின் திறமையைக் குறைவாக எண்ணி அவர் அதைச் சொல்லவில்லை. மிகுதியாக அறிந்தே சொன்னார். பத்தாண்டுகள் ஓர் ஆட்சியை உருவாக்கிய பெண்மணிக்கு ஓராண்டு கூடப் புதிய ஆட்சியில் இடமில்லாமற் போயிற்று. 1919இல் ஸ்மித் அளித்த தொழிலாளர் துறைப் பதவியை ஏற்ற பிரான்சிஸ் பெர்க்கின்ஸோ ரூஸ்வெல்ட்டின் ஆட்சியிலும் தொடர்ந்தார். 1933 மார்ச்சில் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அமைச்சரும் ஆனார். பதவியை ஏற்றவர்க்கும் ஏற்காதவர்க்கும் இருந்த வேறுபாடு இதில் புலனாகும்.

அம்மையார் மனந்தளரவில்லை. விளம்பர நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1932இல் ஸ்மித் மீண்டும் வேட்பாளராக முயன்றபோதும் அவருக்காகவே உழைத்தார். சிகாகோ மாநாடு ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தம் இல்லத்தின் படிகளில் தவறி விழுந்து எலும்பு முறிவுற்றார். அதிலிருந்து எழவேயில்லை. 1933 ஜனவரி 2ஆம் நாள், தம் 55ஆம் வயதில் இயற்கை எய்தினார். அந்நாளுக்கு ஒருநாள் முன்னர்தான், நியூயார்க்கின் முதல் யூத ஆளுநராகிய ஹெர்பர்ட் லேமனின் ஆட்சிக் காலம் தொடங்கியிருந்தது.

எஞ்சி நிற்பவை

ஹென்றி மாஸ்கோவிட்ஸ் 1936இல் மறைந்தார். ஸ்மித்தின் உரைகளையும் அரசு ஆவணங்களையும் தொகுத்து 1928இல் நூலாக்கியவர் அவரே. அத்தொகுப்பின் உரைகள் அனைத்தும் ஸ்மித்தின் பெயருக்கே உரியவை. பெல்லின் உழைப்பு அவற்றின் உள்ளே கலந்து கிடக்கிறது. அம்மையார் அழைத்து வந்த இராபர்ட் மோசஸ் பின்னர் நாற்பதாண்டுகளுக்கு மேல் நியூயார்க்கின் பூங்காக்களையும் பாலங்களையும் சாலைகளையும் அமைத்துப் பெரும்புகழும் பெரும்பழியும் பெற்றார். அவர் பெயர் கற்களில் உள்ளது. பெல்லின் பெயர் நூலேறுவதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. அவருடைய பேத்தியும் வரலாற்றறிஞருமான எலிசபெத் இஸ்ரேல்ஸ் பெரி, அவ்வாண்டில்தான் பாட்டியாரின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார்.

பெல் மாஸ்கோவிட்ஸ் அம்மையாரின் வாழ்வு இருவேறு பாடங்களை ஒருங்கே தருகிறது. பெயர் வேண்டாது உழைப்பவரால் பெரிய செயல்கள் நிறைவேறும், இது முதற்பாடம். பெயரின்றி உழைப்பவரின் உழைப்பை நினைவிற் கொள்ளும் கடமை பயன்பெற்றவர்க்கு உண்டு. அக்கடமை தானாக நிறைவேறுவதில்லை. இது இரண்டாவது பாடம். பிறர் பாடுதற்கென்று வரிகள் எழுதுவோரும், பிறர் நூலைத் திருத்திச் செம்மை செய்வோரும், விழா மேடையில் ஏறாமலே விழாவை நடத்தி முடிப்போரும் எல்லா இலக்கிய அமைப்புகளிலும் இருக்கின்றனர். அவர்களுடைய பெயர்களை அவர்கள் வாழும் காலத்திலேயே ஏட்டில் எழுதிவைப்பது அருளன்று. கணக்கைச் சரியாக எழுதுவதாகும்.